பத்துக்குக் கீழே யாரும் இல்லை

எங்கள் லேபில் மூன்று நாற்காலிகள் இருக்கின்றன. அதில் ஆடாமல் நிற்பது ஒன்றே ஒன்றுதான். அதை எப்போதும் ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்குத்தான் போடுவேன். பதினெட்டு வருஷமாக ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான் என்பதை விசாரணைக் குழு முதலில் குறித்துக்கொண்டால் நன்றாக இருக்கும். இந்த இரண்டு வாரமாக ஆஸ்பத்திரியில் என்னைப் பற்றி அடிபடுகிற பேச்சைக் கேட்டால், எனக்கே என்னைப் பார்த்துப் பயமாக இருக்கிறது.

நடந்ததை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரச் சொன்னீர்கள். ஒரு பக்கத்தில் அடங்குகிற விஷயம் இல்லை இது. அதனால் ஆபீஸில் கூடுதல் தாள் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

குழுவில் நிர்வாகத்துக்காரர்களும் இருப்பதால், தடுப்பூசி போட்டுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் சொல்கிற மாதிரியே சொல்கிறேன். ஹெபடைடிஸ் பி என்பது ஈரலைப் பிடிக்கிற கிருமி. ரத்தம் வழியாகப் பரவும். அதைத் திருடன் என்று வைத்துக்கொள்ளுங்கள், உடம்பு வீடு. ரத்தத்திடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். திருடன் இப்போது உள்ளே இருக்கிறானா? வாசலில் காவல்காரன் நிற்கிறானா? எப்போதாவது திருடன் வந்து போன காலடித் தடம் இருக்கிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் தனி டெஸ்ட். தடுப்பூசியின் அழகு என்னவென்றால், திருடன் வராமலே காவல்காரனைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். ஊசி போட்டவர் ரத்தத்தில் காவல்காரன் இருப்பான், காலடித் தடம் இருக்காது. தடமும் இருந்தால், வியாதியே ஒரு முறை வந்து போயிருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில், காவல்காரன் எவ்வளவு பலமாக இருக்கிறான் என்று மெஷினில் அளந்து பார்ப்போம். பத்து யூனிட் இருந்தால் போதும். பத்துக்குக் கீழே என்றால் திரும்பவும் மூன்று ஊசி. அப்போதும் ஏறவில்லை என்றால் இரண்டு காரணம்தான் இருக்க முடியும். சிலர் உடம்பு வாகு அப்படி. நூறு பேரில் நாலைந்து பேருக்கு எத்தனை ஊசி போட்டாலும் ஏறாது. இல்லையென்றால், திருடன் ஏற்கெனவே வீட்டுக்குள் கால் நீட்டிப் படுத்திருக்கிறான். அதனால் காவல்காரன் வராதவர்களிடம் முதல் கேள்வியையும் கட்டாயம் கேட்டுவிட வேண்டும். இதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதி லேப் கதவில் ஒட்டியிருப்பவன் நான்தான்.

இந்தப் பத்து என்ற எண்ணால் எனக்குப் 'பத்து சார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. என் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால், ரத்தத்தோடு புழங்குகிற எல்லோரும் இந்த டெஸ்டில் தேற வேண்டும் என்று விதி வந்தபோது, நிர்வாகம் ரிசல்ட்டை சாப்பாட்டு அறைக்கு வெளியே நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னது. பள்ளிக்கூடத்து மார்க் பட்டியல் மாதிரியேதான். பத்துக்கு மேல் கறுப்பு மை, பத்துக்குக் கீழ் சிவப்பு மை. ஆயிரத்தைத் தாண்டிய அறுவை சிகிச்சை டாக்டர் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். பன்னிரண்டு வாங்கிய ஆம்புலன்ஸ் டிரைவரை எல்லோரும் 'ஜஸ்ட் பாஸ்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சிவப்பு மைக்காரர்களைத்தான் பார்க்கச் சகிக்காது. தட்டை எடுத்துக்கொண்டு போர்டைத் தாண்டிப் போகும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அவர்களை வார்டிலிருந்து எடுத்து, அடுத்த ஆறு மாதத்துக்குத் துணிக்கிடங்கில் போர்வை எண்ண வைப்பார்கள். பிறகு என்னிடம் வந்து ஆடாத நாற்காலியில் உட்கார்ந்து அழுவார்கள். அடுத்தவர் அழுதால் தாங்க முடியாத மனசு எனக்கு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பொய் ரிப்போர்ட் எழுதினேன் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. அதை வன்மையாக மறுக்கிறேன். மெஷின் தன்பாட்டுக்கு எண்ணை அச்சடித்து டாக்டர்களின் கம்ப்யூட்டருக்கும் அனுப்பிவிடும். அப்படி இல்லாவிட்டாலும் நான் கூட்டிக் குறைத்து எழுதுகிற ஆள் இல்லை. ட்யூபில் இருந்ததை மெஷின் சொன்னது. மெஷின் சொன்னதை நான் போர்டில் ஒட்டினேன். இந்த லேபிலிருந்து ஒரு தப்பான எண் வெளியே போனது கிடையாது.

ட்யூபில் என்ன இருந்தது என்பதைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

என் மனைவிக்கு நல்ல ரத்தம். ஆஸ்பத்திரி ஊழியர் குடும்பத்துக்கெல்லாம் இலவசமாக ஊசி போட்ட வருஷம் அவளும் மூன்று தவணை போட்டுக்கொண்டாள். சும்மா அளந்து பார்த்தேன். மெஷின் அளவு தாண்டிவிட்டது என்றது. தண்ணீர் கலந்து நீர்க்கவைத்து, திரும்ப அளந்து பெருக்கியபோது ஐயாயிரம். இந்த ஆறு வருஷத்தில் இப்படி ஒரு எண்ணை நான் பார்த்ததில்லை. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் புரியாது.

ரத்தத்தைச் சுழல விட்டால் மேலே தெளிந்து நிற்கிற மஞ்சள் நீரைச் சீரம் என்போம். அளப்பது அதைத்தான். சிவப்பு மைக்காரர் ஒருவரின் சீரத்தில் என் மனைவியின் சீரம் இரண்டு துளி விட்டால், நானூறுக்கு மேல் போகும். ஒரு துளி என்றால் இருநூறு சொச்சம். எல்லோருக்கும் ஒரே எண் வந்தால் நன்றாக இராது என்பதால் ஆளைப் பார்த்து விடுவேன். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஒரு துளி. தலைமை நர்ஸுக்கு மூன்று துளி, அவர் ஜஸ்ட் பாஸ் டிரைவருக்குச் சமமாக இருக்க ஒப்புக்கொள்ளமாட்டார்.

அதற்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதிதாக ஒரு ட்யூப் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியைச் சமையலறை ஸ்டூலில் உட்கார வைத்து எடுப்பேன். சுகர், இரும்புச் சத்து எல்லாம் பார்க்கிறேன் என்பேன். கையை நீட்டியபடி ஒவ்வொரு முறையும் ஒன்றே சொல்வாள்.

"என் அக்கா வீட்டுக்காரருக்கு அவ செருப்பு சைஸ் கூடத் தெரியாது. நீங்க என் ரத்தத்துல என்ன இருக்குன்னே தெரிஞ்சு வச்சிருக்கீங்க."

மறுநாள் ரிசல்ட் கேட்பாள். "இரும்புச் சத்து பதின்மூணு, சுகர் தொண்ணூறு, ஜம்முன்னு இருக்கே" என்பேன். அந்த டெஸ்டுகளை நான் செய்ததில்லை. ஆனால் வாயால் சொல்வது ரிப்போர்ட் ஆகாது. கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வயசு ஆகிறதில்லையா என்றேன்.

இப்படி ஆறு வருஷத்தில் இருபத்து மூன்று பேரைத் தேற்றிவிட்டேன். எங்கள் போர்டில் சிவப்பு மை என்பதே மறந்து போயிற்று. போன வருஷம் நிர்வாகம் எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்தது. குழுவின் தலைவர்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இனி புயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் அவள். நடக்கிற வேகத்தில் மேஜையில் இருக்கிற தாளெல்லாம் பறப்பதால் அந்தப் பெயர். முதல் மூன்று ஊசிக்குப் பிறகு அவளுக்கு இரண்டு யூனிட் வந்தது. அது நான் லீவில் இருந்த நாளில் வந்த ரிசல்ட், வேறு ஆள் ஒட்டிவிட்டார். அவளும் ஆறு மாதம் போர்வை எண்ணினாள். புயலைக் கிடங்கில் அடைத்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். மறுபடி மூன்று ஊசி. மறுபடி என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணா, இந்தத் தடவையும் போச்சுன்னா நான் வேலைய விட்டுருவேன். என் பேஷண்டுக்கெல்லாம் என் கைதான் பழக்கம்."

மூன்று யூனிட் இருந்தது. இரண்டு துளி விட்டேன். நானூற்று அறுபது. அன்று அவள் லேப் வாசலிலிருந்து டயாலிசிஸ் வரைக்கும் ஓடியதை இரண்டு மாடிக்காரர்களும் பார்த்தார்கள். எனக்கு அன்று வயிறு நிறைந்துவிட்டது.

சரியாக மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு திங்கள்கிழமை காலையில், கையுறை கிழிந்த விரலைத் தண்ணீரில் கழுவிவிட்டு லேபுக்கு வந்தாள்.

"ஊசி குத்திடுச்சுண்ணா. மூணாம் நம்பர் பெட். அவருக்கு பி இருக்கு."

"பயமா இருக்கா?"

"நான் எதுக்குண்ணா பயப்படணும், நானூத்தி அறுபதுல்ல நான். புது டாக்டரம்மா ஏதோ ஊசி எழுத வந்தாங்க. மேடம், போர்டைப் பாருங்க, இந்த ஊசியெல்லாம் தேறாதவங்களுக்குன்னு சொல்லிட்டேன்."

அந்த ஊசியைப் பற்றியும் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். காவல்காரன் இல்லாதவருக்குக் கிருமி ரத்தம் பட்டுவிட்டால், வேறு மனிதர்களிடமிருந்து எடுத்துத் தயாராக வைத்திருக்கிற காவல்காரர்களை ஊசியாகப் போடலாம். ஒரு நாளுக்குள் போடுவது உத்தமம். ஏழு நாள் தாண்டினால் பலன் இருக்கும் என்று சொல்ல முடியாது. எனக்கு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. மறைக்க விரும்பவில்லை.

புது டாக்டரம்மா கொஞ்சம் சந்தேகப் பிராணி. வந்து நாலு மாதம்தான் ஆகிறது. போர்டை நம்பாமல், குத்திய நாளிலேயே புதிதாக ரத்தம் எடுத்து மூன்று கேள்வியும் கேட்கச் சொல்லி அனுப்பினார். புயலின் ட்யூபைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். அப்படியே வைத்தால் மூன்று என்று வரும். போர்டில் நானூற்று அறுபது என்று இருக்கிறது. சந்தோஷமாக இருக்கிற பெண் இடிந்து போய்விடுவாள். ஆகவே வழக்கமான இரண்டு துளியை விட்டேன். அளவு மாறக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

திருடன் இல்லை என்று வந்தது. காவல்காரன் நானூற்று ஐம்பத்தெட்டு. மூன்றாவது கேள்விக்கு, காலடித் தடம் இருக்கிறது என்று வந்தது.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஊசி போட்டவர்களிடம் மூன்றாவது கேள்வியை நாங்கள் கேட்பதே இல்லை, தேவையில்லை என்பதால். என் மனைவியின் ரத்தத்திடமும் நான் அதைக் கேட்டதில்லை. மெஷினைக் கழுவித் திரும்ப ஓட்டினேன். திரும்பவும் தடம். அதற்குள் ரிசல்ட் டாக்டரம்மாவின் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது.

புதன்கிழமை புயல் வந்தாள். நடந்து வந்தாள்.

"எனக்கு ஏற்கெனவே வியாதி வந்து போயிருக்காம். அதனால ஊசியே வேணாமாம். எப்பண்ணா வந்துச்சு எனக்கு? நர்ஸிங் படிக்கச் சேர்ந்தப்ப மூணு டெஸ்டும் எடுத்தாங்க, ஒண்ணும் இல்ல. வீட்டுல ரெண்டு வயசுப் பொண்ணு இருக்கா எனக்கு."

மெஷின் பொய் சொல்லாதம்மா என்று ஆறுதல் சொன்னேன். அவள் நேரே டாக்டரம்மாவிடம் போய்ச் சண்டை போட்டாள். டாக்டரம்மா என்னிடம் வந்து, ஊழியர்களின் பழைய ட்யூபெல்லாம் இருக்கிறதா என்று கேட்டார். ஆறு வருஷத்துச் சீரத்தையும் லேபிள் ஒட்டி, தேதிவாரியாக ஃப்ரீசரில் அடுக்கி வைத்திருக்கிறேன் என்றேன். இவ்வளவு ஒழுங்கான லேபை நான் பார்த்ததே இல்லை என்றார். முந்நூற்றுப் பத்து ட்யூபையும் நானே எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றிடமும் அவர் மூன்றாவது கேள்வியைக் கேட்டுப் பார்த்தார். கையுங்களவுமாகப் பிடித்தோம் என்று இப்போது சொல்கிறவர்கள், எடுத்துக் கொடுத்த கை யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலை டாக்டரம்மா கதவைச் சாத்திக்கொண்டு ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இத்தனை பேருக்கு வியாதி வந்து போயிருக்கு. ஒருத்தருக்குக்கூட வந்தது தெரியலையா?"

"அதிசயமாத்தான் இருக்கு டாக்டர்."

"எனக்கு அதிசயமா இல்ல. இத்தனை வீட்டுலயும் ஒரே செருப்போட தடம் மாதிரி இருக்கு. யார் ரத்தத்தைக் கலந்தீங்க?"

கேட்காததைச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை; கேட்டதை மறைக்கிற பழக்கமும் இல்லை. சொன்னேன். அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. புயலைக் கூப்பிட்டுத் தன் கையாலேயே ரத்தம் எடுத்து, தானே மெஷினில் வைத்தார். மூன்று யூனிட். தடம் இல்லை. அரை மணி நேரத்தில் அந்த ஊசி போடப்பட்டது. அது ஆறாவது நாள். ஏழு நாள் முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது என்பதை எனக்குச் சாதகமாகக் குறித்துக்கொள்ளும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஊசி வேலை செய்ததா என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். நல்லதே நடக்கும் என்று புயலிடம் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்காரவில்லை.

"ஆறு மாசம் என் பொண்ணுக்கு நகம் வெட்டி விடக்கூட யோசிக்கணும். உங்ககிட்ட நான் கேட்டது நம்பர், சார். ஆறுதல் கேட்கல."

அண்ணா என்று கூப்பிடவில்லை. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் எனக்கு வலிக்கிறது.

அன்று மாலை என் மனைவியை வரவழைத்தார்கள். அவள் ரத்தத்தில் காவல்காரனும் இருந்தான், தடமும் இருந்தது. ஊசி போடுவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே வியாதி வந்து, தானாகவே குணமாகியிருக்கிறது. அந்த ஐயாயிரம் அப்படி வந்ததாம். டாக்டரம்மா இரும்புச் சத்தையும் அளந்தார். எட்டு. என் மனைவி வராந்தாவில் உட்கார்ந்து, முழங்கை மடிப்பையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு வருஷம் எடுத்தீங்க. ஒரு தடவையாவது எனக்காகப் பார்த்தீங்களா?"

அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கோபம் தணிந்தால் வருவாள்.

டாக்டரம்மா அவளிடம் எப்போதாவது கண் மஞ்சளானதுண்டா என்று கேட்டிருக்கிறார். கல்யாணமான மறுவருஷம் மூன்று வாரம் சாப்பாடு பிடிக்காமல் படுத்திருந்ததாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்போது நான் இந்த வேலையில் சேரவில்லை. தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். இந்தக் கிருமி பெரும்பாலும் வீட்டில் கூடவே இருக்கிறவரிடமிருந்துதான் வரும் என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த வருஷம் அவள் ஒரு பல் பிடுங்கிக்கொண்டாள். பல் டாக்டரைப் போய் விசாரியுங்கள் என்று சொன்னேன்.

இன்னொரு கணக்கு வித்தியாசத்தையும் தீர்த்துவிடுகிறேன். நான் இருபத்து மூன்று பேர் என்றேன். ஃப்ரீசரில் தடம் உள்ள ட்யூப் இருபத்து நாலு இருக்கிறது என்கிறார் டாக்டரம்மா. அவர் எண்ணியதுதான் சரி. ஒருவரை நான் விட்டுவிட்டேன். மெஷின் வந்த முதல் நாள், யாரும் வருவதற்கு முன்னால், என் ரத்தத்தைத்தான் முதலில் வைத்துப் பார்த்தேன். ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து, ஒரே நர்ஸ் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள் நாங்கள் இரண்டு பேரும். எனக்குப் பூஜ்யம் வந்தது. பத்து சாருக்குப் பூஜ்யம் என்று போர்டில் சிவப்பு மையில் ஒட்ட முடியுமா? கணவன் மனைவிக்குள் எல்லாம் பொதுதானே. இரண்டு துளி எடுத்துக்கொண்டேன். பிறகு மற்றவர்களும் பயன்பெறட்டுமே என்று தோன்றியது. இதில் சுயநலம் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

செய்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் சம்மதிக்க முடியவில்லை. என் ரத்தத்தையும் எடுத்து, திருடன் உள்ளே இருக்கிறானா என்ற முதல் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டார். ஒரு டெஸ்ட் கிட் வீணாவதுதான் மிச்சம். காவல்காரன் நிற்கிற வீட்டில் திருடனைத் தேட வேண்டியதில்லை என்று கதவிலேயே எழுதியிருக்கிறேன். சந்தேகம் இருந்தால் பழைய போர்டுத் தாள்களைப் புரட்டிப் பாருங்கள். முதல் தாளில், முதல் வரியில், என் பெயருக்கு நேரே கறுப்பு மையில் நானூற்றுப் பன்னிரண்டு என்று இருக்கும். மெஷின் பொய் சொல்லாது.